அமெச்சூர் ரேடியோவில் திறந்த நிரலும் மூடிய நிரலும்

வானொலி என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவோர், ஓரிடத்திலிருந்து பேசும் சிலரும், பல்லாயிரம் இடங்களிலிருந்து கேட்கும் பலருமே ஆவர். கேட்பவரே பேசுபவராகவும், பேசுபவரே கேட்பவராகவும் விளங்கும் மற்றொரு வகை வானொலியும் உண்டு. அதற்கு அமெச்சூர் ரேடியோ என்று பெயர். அதில் ஈடுபட்டோரை உலகெங்கும் ‘ஹாம்’ என்று வழங்குகின்றனர். இவர்கள் பொருள் ஈட்டும் நோக்கம் சிறிதும் இல்லாதவர்கள். நம் நாட்டில் இவர்கள் தேர்வு எழுதி, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் பெற்று, பெரும்பாலும் ‘வி.யு.’ என்னும் எழுத்துகளில் தொடங்கும் அழைப்புக் குறியோடு வான்வெளியில் உலவுகின்றனர். நாகபுரியிலோ லக்னௌவிலோ ஒரு வீட்டு மொட்டைமாடியில் கட்டிய கம்பியின் துணையால், அடுத்த தெருவில் உள்ளவரோடும் ஆஸ்திரேலியாவில் உள்ளவரோடும் ஒரே முறையில் இவர்கள் உரையாட இயலும்.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அந்தமான் தீவுகளின் தொலைபேசித் தொடர்புகள் சிதைந்துபோயின. அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் அவருடன் சென்ற அன்பர்களும் போர்ட் பிளேரில் அமெச்சூர் நிலையம் ஒன்றை நிறுவி உலக ஹாம்களுடன் பேசிக்கொண்டிருந்தனர். விளையாட்டாக நிறுவிய அந்நிலையமே அன்று முதல் உயிர்க்காப்பு நிலையம் ஆயிற்று. தீவுகளில் குடியேறி வாழும் மக்களுள் தமிழரும் பலர். தம் உறவினர் உயிரோடு இருக்கின்றனரா என்று நிலப்பகுதியில் தவித்திருந்த பலருக்கு, இவ்வலைகளின் வழியே செய்தி கிடைத்தது. ஊரையும் உற்றாரையும் விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு, ‘செய்தி கிடைத்தது’ என்னும் சொல்லின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய அமெச்சூர் ரேடியோவில் கடந்த முப்பது ஆண்டுகளாக ஒரு பெருமாற்றம் நிகழ்ந்து வருகின்றது. முற்காலத்து ஹாம் தம் கருவியின் மூடியைத் திறந்தால், வால்வு, சுருள், மின்தேக்கி ஆகிய உறுப்புகள் யாவும் கண்ணெதிரே காட்சியளிக்கும். எது பழுதுற்றதென்று ஆராய்ந்து, ஈயம் பற்றவைத்துச் சரி செய்துகொள்வார். அவ்வாறு திறந்து பார்ப்பதே அவர் பயின்ற கல்வி. இன்றோ, அவ்வுறுப்புகள் செய்த வேலையில் பெரும்பகுதியைக் கணினி நிரல்கள் செய்கின்றன. சமிக்ஞையைப் பிரித்தெடுப்பதும், இரைச்சலை நீக்குவதும், குரலைச் சுருக்குவதும், யாருடன் எப்போது பேசினோம் என்று பதிவு செய்வதும் மென்பொருளின் பணியாகிவிட்டன. ஆகவே, பெட்டியைத் திறந்தாலும் உள்ளே காண்பதற்கு ஒன்றுமில்லை. உண்மையான யந்திரம் நிரலுக்குள் இருக்கின்றது. அந்த நிரலைத் திறந்து பார்க்க முடியுமா, முடியாதா? இவ்வினாவே திறந்த நிரல், மூடிய நிரல் என்னும் விவாதத்தின் கரு ஆகும்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். மனிதர் படித்து அறியக்கூடிய ஒரு மொழியிலேதான் நிரல்கள் முதலில் எழுதப்படுகின்றன. பின்னர் அது கணினிக்கு மட்டுமே விளங்கும் பொறிமொழிக்கு மாற்றப்படுகின்றது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்மனோர்க்கு இஃது எளிதில் விளங்கும். மூலநூல் கையில் இருந்தால் மொழிபெயர்ப்பில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்கலாம், திருத்தலாம், இன்னொரு முறை மொழிபெயர்க்கவும் செய்யலாம். மூலநூலை மறைத்துவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் ஒருவர் நம்மிடம் கொடுத்தால், ஆசிரியர் உண்மையில் என்ன எழுதினார் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். பொறிமொழி வடிவத்தை மட்டும் கொடுத்து, மூல நிரலைத் தம்மிடமே வைத்துக்கொள்வது மூடிய நிரல். மூல நிரலையும் சேர்த்துக் கொடுத்து, படிக்கவும் மாற்றவும் மாற்றியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை அளிப்பது திறந்த நிரல்.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்கியாக வேண்டும். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்த நிரல் ஆகிவிடாது. ஊரிலிருந்து வருபவர் நமக்கு ஒரு பொட்டலம் சாம்பார்ப் பொடி கொண்டுவந்து கொடுக்கின்றார். காசு வாங்கவில்லை; ஆனால் பக்குவமும் சொல்லவில்லை. பொடி தீர்ந்தால் மறுபடி அவரையே எதிர்பார்க்க வேண்டும். மற்றொருவர் மிளகாய் இவ்வளவு, தனியா இவ்வளவு, பருப்பு இவ்வளவு என்று அளவு எழுதிக் கொடுக்கின்றார். அந்த ஊர் மிளகாயின் காரத்துக்கு ஏற்ப அதைக் கூட்டியும் குறைத்தும் நாமே செய்துகொள்ளலாம். முதலாமவர் தந்தது இலவசம். இரண்டாமவர் தந்ததே திறந்தது. அமெச்சூர் உலகில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஆன்டெனாக்களின் இயல்பைக் கணக்கிட்டுக் காட்டும் ‘ஈ.இஸட்.நெக்’ என்னும் மென்பொருளை, அதன் ஆசிரியர் ராய் லூவலன் பல ஆண்டுகள் விலைக்கு விற்று வந்தார். ஓய்வு பெற்றபோது, 2022-ஆம் ஆண்டு முதல் அனைவருக்கும் அதை இலவசமாக்கினார். பெருந்தன்மையான செயல்தான். எனினும் விலைதான் நீங்கியது. அம்மென்பொருள் திறந்த நிரல் ஆகிவிடவில்லை.

அமெச்சூர் ரேடியோவுக்கும் இவ்விவாதத்துக்கும் தனிப்பட்ட உறவு ஒன்று உண்டு. ஹாம்கள் இரகசிய மொழியில் பேசலாகாது என்பது உலக நியதி. 2003-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூடிய உலக ரேடியோ மாநாடு, வெவ்வேறு நாட்டு அமெச்சூர் நிலையங்கள் பொருளை மறைக்கும் நோக்குடன் குறியாக்கம் செய்து செய்தி அனுப்பக் கூடாது என விதித்தது. செயற்கைக்கோள்களை இயக்கும் கட்டளைச் சமிக்ஞைகளுக்கு மட்டுமே இதில் விலக்கு உண்டு. அலைகள் பொதுச்சொத்து. அவற்றை வாடகையின்றி அனுபவிக்கும் ஹாம்கள் தாம் பேசுவதை எவரும் கேட்கலாம் என்ற நிலையில்தான் பேச வேண்டும். அமெரிக்க நாட்டு விதிகள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு செல்கின்றன. புதிய தரவு முறைகளை அமெச்சூர்கள் பயன்படுத்தலாம். ஆனால் அம்முறையின் தொழில்நுட்ப இயல்புகள் பொதுமக்கள் அறியப் பிரசுரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன.

இவ்விடத்தில் மூன்று பொருள்களை நாம் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று, கணினியில் ஓடும் நிரல். இரண்டு, அந்நிரல் வான்வெளியில் அனுப்பும் சமிக்ஞையின் முறை, அதாவது இரு நிலையங்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கான இலக்கணம். மூன்று, ஹாம் சேர்த்து வைக்கும் பதிவேடு. நிரல் மூடியிருந்தும் முறை திறந்திருக்கக்கூடும். முறையும் நிரலும் மூடியிருந்து, பதிவேடு மட்டும் நம் கைக்கு எளிதில் வரக்கூடும். ‘திறந்ததா, மூடியதா’ என்று ஒரே சொல்லில் கேட்பவர், இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். விவாதத்தில் பாதி இக்குழப்பத்தால் விளைவது.

திறந்த நிரலின் ஆற்றலுக்குச் சிறந்த சான்று ‘டபிள்யூ.எஸ்.ஜே.டி.’ என்னும் மென்பொருளின் வரலாறு. இதை ஆக்கியவர் ஜோசப் டெய்லர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்; இரட்டைத் துடிப்பு விண்மீனைக் கண்டறிந்தமைக்காக 1993-ஆம் ஆண்டில் ரஸல் ஹல்ஸ் என்பவரோடு பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்; இளமை முதல் ஹாம். விண்மீனின் மெல்லிய துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்த அறிவை அவர் அமெச்சூர்களின் மெல்லிய சமிக்ஞைக்குப் பயன்படுத்தினார். 2001-ஆம் ஆண்டில் மென்பொருளை வெளியிட்டு, 2005-ஆம் ஆண்டில் அதைத் திறந்த நிரலாக்கினார். 2017-ஆம் ஆண்டில் அவரும் ஸ்டீவ் ஃபிராங்க் என்பவரும் சேர்ந்து ‘எஃப்.டி.8’ என்னும் முறையை வெளியிட்டனர். பதினைந்து விநாடிக்கு ஒரு முறை, சுமார் 50 ஹெர்ட்ஸ் அகலமே உள்ள மிகக் குறுகிய இடத்தில், சிறு செய்தி ஒன்றை அது அனுப்புகின்றது. காதுக்குச் சற்றும் எட்டாத சமிக்ஞையையும் கணினி படித்துவிடுகின்றது. பெரிய ஆன்டெனா நிறுவ இடமின்றி, அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஹாமுக்கு இது பெரும் வரப்பிரசாதம்.

இதன் இலக்கணம் முழுவதும் 2020-ஆம் ஆண்டில் அமெரிக்க அமெச்சூர்களின் தொழில்நுட்ப இதழ் ஒன்றில் கட்டுரையாகவே வெளிவந்தது. நிரலோ எவரும் எடுத்து ஆராயும்படி இருந்தது. விளைவு என்ன? எஃப்.டி.8 முறையை அடித்தளமாகக் கொண்டு, விசைப்பலகை வழியே தாராளமாக உரையாடுவதற்கென ‘ஜே.எஸ்.8 கால்’ என்னும் மென்பொருளை 2018-ஆம் ஆண்டில் வேறொருவர் ஆக்கினார். மற்றும் சிலர் தம் தேவைக்கேற்ப வேறு வடிவங்களைப் படைத்தனர். ஒருவரிடமும் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. பெற்றதைப் போலவே பிறர்க்கும் திறந்து வழங்க வேண்டும் என்னும் ஒரே நிபந்தனைதான் அவர்களைக் கட்டுப்படுத்தியது. வாங்கிய விதைநெல்லை அறுவடைக்குப் பின் அளந்து திருப்பிக் கொடுப்பது போன்ற வழக்கம் இது.

நிரலை எழுதியவர் மறைந்தால் என்ன ஆகும்? இது கேட்கக் கசப்பான கேள்வி. எனினும் கேட்டே ஆக வேண்டியது. இங்கிலாந்தைச் சேர்ந்த ராஜர் பார்க்கர் என்னும் ஹாம், ‘யூ.ஐ.-வியூ’ என்ற மென்பொருளை எழுதினார். ஊர்தியோ மனிதரோ எவ்விடத்தில் இருக்கின்றனர் என்பதை ரேடியோ வழியே பெற்று, வரைபடத்தில் காட்டும் அருமையான நிரல் அது. உலகெங்கும் ஹாம்கள் அதை விரும்பிப் பயன்படுத்தினர். 2004-ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவருடைய விருப்பப்படியே மூல நிரல் அழிக்கப்பட்டது. தாம் ஆக்கியதை என்ன செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு முழுமையாக உண்டு. அதை நாம் குறை கூறலாகாது. ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். அன்பர்கள் அந்நிரலைப் பல ஆண்டுகள் அப்படியே பயன்படுத்தினர். வெளியிலிருந்து சில துணை நிரல்களை ஒட்டவைத்தனர். உள்ளே இருந்த ஒரு வரியையேனும் எவராலும் திருத்த முடியவில்லை. காலம் நகர்ந்தது; நிரல் 2004-லேயே நின்றுவிட்டது.

இதற்கு மாறான நிகழ்ச்சியையும் காண்போம். மேற்சொன்ன டெய்லரின் குழுவில் மிக முக்கியமான நிரலாளராக விளங்கிய பில் சோமர்வில், 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் எதிர்பாராமல் காலமானார். குழுவினர்க்கு அது பேரிழப்பு. ஆயினும் அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் எல்லோர் கண்முன்னும் இருந்தது. எஞ்சியோர் அதைப் படித்து, பணியைத் தொடர்ந்து, அடுத்தடுத்த பதிப்புகளை வெளியிட்டனர். இரு நல்ல மனிதர்கள். இருவரும் தம் உழைப்பை ஹாம்களுக்கு வழங்கியவர்கள். ஒருவர் உழைப்பு அவரோடு நின்றது; மற்றவர் உழைப்பு அவருக்குப் பின்னும் வளர்கின்றது. இவ்வேறுபாடு திறமையால் வந்ததன்று. நிரலின் கதவு திறந்திருந்ததால் வந்தது.

அடுத்து, குரல் பற்றிய வழக்கு ஒன்று. ஜப்பானிய அமெச்சூர் ரேடியோக் கழகம் ‘டி-ஸ்டார்’ என்னும் எண்ணியல் குரல் முறையை வகுத்தது. அதன் இலக்கணம் பிரசுரிக்கப்பட்டது. ஆனால், குரலைச் சுருக்கும் பகுதியான ‘ஆம்பி’ என்னும் கோடெக் தனியார் நிறுவனம் ஒன்றின் காப்புரிமைக்கு உட்பட்டிருந்தது. சொந்தமாகக் கருவி அமைக்க விரும்பும் ஹாம், அந்நிறுவனத்தின் சில்லை விலைக்கு வாங்கியாக வேண்டும். வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன; நடுக்கூடத்துப் பெட்டகத்தின் சாவி மட்டும் வேறொருவர் இடுப்பில் இருந்தது. பின்னர் வந்த ‘டி.எம்.ஆர்.’ முதலிய முறைகளிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த கோடெக்கே இடம்பெற்றது.

இந்நிலை பலரை உறுத்திற்று. திறந்த நிரலுக்கு இலக்கணம் வகுத்தோருள் ஒருவரும், தாமே ஹாமுமான புரூஸ் பெரன்ஸ், இக்குறையைத் தொடர்ந்து சுட்டிக்காட்டி வந்தார். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் ரோ என்னும் பொறியாளர், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘கோடெக் 2’ என்ற திறந்த கோடெக்கை உருவாக்கினார். விநாடிக்கு 3,200 பிட்டு முதல் 700 பிட்டு வரையிலான சிறு அளவுக்குள் மனிதக் குரலை அடக்கும் கலை அது. அதைக் கொண்டு ‘ஃப்ரீ டி.வி.’ என்னும் குரல் முறை எழுந்தது. 2019-ஆம் ஆண்டில் போலந்து நாட்டில் தொடங்கிய ‘எம்17’ என்னும் முயற்சி, அதே கோடெக்கைக் கொண்டு, இலக்கணம், நிரல், கருவியின் வரைபடம் அனைத்தையும் திறந்து வைத்தது. விலைக்கு விற்கப்பட்ட ஒரு சில்லுக்குள் என்ன நிகழ்கின்றது என்ற கேள்விக்கு விடை, இப்போது மாணவர் ஒருவர் படித்தறியக்கூடிய பாடம் ஆகிவிட்டது.

இவ்வளவும் கேட்டபின், மூடிய நிரல் தீயது என்று முடிவு கட்டிவிடலாமா? அவ்வாறு முடிவு கட்டுவது நீதி ஆகாது. ரேடியோ வழியே மின்னஞ்சல் அனுப்பும் ‘வின்லிங்க்’ என்னும் அமைப்பு உலகெங்கும் பேரிடர்க் காலத்தில் பயன்படுகின்றது. அதில் பெரிதும் கையாளப்படும் ‘வாரா’ என்னும் மென்பொருள் ஸ்பெயின் நாட்டு ஹாம் ஒருவர் தனித்து ஆக்கியது. அது மூடிய நிரல். குறைந்த வேகத்தில் இலவசம். முழு வேகத்துக்குக் கட்டணம். முன்பு இதே பணிக்கு, ஜெர்மன் நிறுவனம் ஒன்று விற்ற விலையுயர்ந்த ‘பாக்டர்’ கருவியை வாங்க வேண்டியிருந்தது. அக்கருவிக்கு மாற்றாக, சாதாரணக் கணினியிலேயே வேகமான சேவையை வாரா வழங்கியது. திறந்த நிரலாக ‘ஆர்டாப்’ என்று ஒன்று இருந்தும், வேகத்தின் பொருட்டுப் பெரும்பாலோர் வாராவை நாடினர். வெள்ளத்தில் அகப்பட்டவர்க்கு மருந்து வேண்டும் என்று செய்தி அனுப்புபவர், வேகமாகச் செல்லும் வண்டியையே தேடுவார். அவரை நாம் குறை சொல்வோமா?

ஆனால் இவ்வழக்கிலும் ஒரு சிக்கல் எழாமல் இல்லை. செய்தியைச் சுருக்கி, இரு நிலையங்களுக்கு இடையே மட்டும் பொருந்தும்படி மாற்றி மாற்றி அனுப்பும் முறைகளை மூன்றாம் நபர் ஒருவர் எளிதில் படிக்க முடிவதில்லை. அமெரிக்காவில் 2019-ஆம் ஆண்டு வாக்கில் இது பற்றிக் கடுமையான விவாதம் மூண்டது. மறைக்கும் நோக்கம் இல்லை, சுருக்கும் நோக்கமே உண்டு என்றனர் ஒரு சாரார். நோக்கம் எதுவாயினும், பொதுச்சொத்தான அலையில் செல்வதைப் பொதுமக்கள் படிக்க இயலவில்லை என்றால் அது மறைத்ததற்கு ஒப்பாகும் என்றனர் மற்றொரு சாரார். நம் கருத்தில், இரண்டாம் சாரார் வாதத்தில் வலிமை மிகுதி. நிரலை மூடி வைப்பது ஆசிரியர் உரிமை. அலையில் செல்லும் முறையை மூடி வைப்பதோ அப்படிப்பட்டதன்று. அலை அவருக்கு மட்டும் சொந்தமானதன்று.

மூடிய நிரலுக்கு ஆதரவாகக் கூறப்படும் இன்னொரு வாதம் வாழ்க்கைச் செலவு பற்றியது. நிரல் எழுதுபவரும் அரிசி வாங்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இரவுகளில் கண்விழித்து உழைத்த ஒருவர், அதற்கு ஒரு விலை கேட்பதில் தவறென்ன? தவறு ஒன்றுமில்லை. திறந்த நிரலை எழுதுவோர்க்கு உதவி செய்யவும் இக்காலத்தில் வழிகள் தோன்றியுள்ளன. இணையத்தின் தொடக்க காலத்தில் அமெச்சூர்களின் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட இணைய முகவரிகளில் ஒரு பகுதி, 2019-ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனத்துக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு விற்கப்பட்டது. அத்தொகையை மூலதனமாகக் கொண்டு, ‘ஏ.ஆர்.டி.சி.’ எனப்படும் அறக்கட்டளை திறந்த நிரல் முயற்சிகளுக்கு நிதி வழங்கி வருகின்றது. மேற்சொன்ன திறந்த குரல் முறைகளும் அதனால் பயன் பெற்றவை.

திறந்த நிரலுக்கும் குறைகள் உண்டு. கதவு திறந்திருப்பதாலேயே வீட்டைப் பெருக்க ஆள் வந்துவிடுவதில்லை. எத்தனையோ திறந்த நிரல்கள் ஒரே ஒருவரின் ஓய்வு நேரத்தை நம்பி நிற்கின்றன. அவர் அயர்ந்தால் நிரலும் அயர்கின்றது. நிறுவுவதற்குரிய குறிப்புகள் புதியவர்க்கு விளங்காதபடி இருப்பதுண்டு. ஐயம் கேட்டால், ‘நிரலைப் படித்துப் பாருங்கள்’ என்று பதில் வருவதும் உண்டு. பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளில் கேள்வி கேட்க ஓர் இடமாவது இருக்கும் என்று சிலர் கருதுவதில் நியாயம் இருக்கின்றது.

ஆயினும், விலை கொடுத்து வாங்கியவர் எந்த அளவுக்கு உரிமையாளர் ஆகின்றார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சி ஹாம்களிடையே பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. பலரும் பயன்படுத்தி வந்த மூடிய மென்பொருள் ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கிய ஒருவர், அதைப் பற்றிக் குறை கூறி விமரிசனம் எழுதினார். பிறகு அவர் அம்மென்பொருளைப் புதுப்பித்தபோது, அது இயங்க மறுத்துவிட்டது. அவருடைய அழைப்புக் குறி தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்ததே காரணம். எதிர்ப்பு எழுந்தபின் நிறுவனத்தார் வருத்தம் தெரிவித்தனர். மனிதர் தவறு செய்வது இயல்பு. வருத்தம் தெரிவித்ததும் நன்றே. ஆனால், நம் மேசைமீதுள்ள கருவியை எங்கோ இருப்பவர் நிறுத்திவிட முடியும் என்ற உண்மை வருத்தத்தால் மறைந்துவிடவில்லை. புயலடித்து இணையம் துண்டிக்கப்பட்ட நாளில், உரிமத்தை இணையம் வழியே உறுதி செய்யக் கேட்கும் மென்பொருள் என்ன செய்யும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். ஹாமின் சேவை எப்போது தேவைப்படுமோ, அப்போதுதான் அது வாய் மூடி நிற்கும்.

நம் நாட்டிலும் திறந்த மரபுக்கு அழகிய எடுத்துக்காட்டு உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் என்னும் ஹாம், ‘பிட்எக்ஸ்’ என்ற ஒலிபரப்பி-வாங்கியை வடிவமைத்தார். வெளிநாட்டுக் கருவிகள் எட்டாத விலையில் இருந்தமையால், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாதாரண உறுப்புகளைக் கொண்டே அமைக்கத்தக்கதாக அதை ஆக்கி, மின்சுற்று வரைபடத்தை அனைவருக்கும் வெளியிட்டார். 2017-ஆம் ஆண்டில் வந்த ‘மைக்ரோ பிட்எக்ஸ்’ கருவியில் சிறு கணினிச் சில்லு ஒன்று உண்டு. அதன் நிரலும் திறந்ததே. பல நாட்டு ஹாம்கள் அந்நிரலை எடுத்துத் தத்தம் விருப்பப்படி வளர்த்தனர். வெளிநாட்டிலிருந்து வாங்கியே பழகிய துறையில், நம் நாட்டு வடிவமைப்பு ஒன்றை உலகம் வாங்கிப் படித்தது. மூடி வைத்திருந்தால் அது ஹைதராபாத்தில் ஒரு கடைச்சரக்காகவே இருந்திருக்கும். திறந்து வைத்ததனால் உலகத்தின் பாடநூல்களுள் ஒன்றாயிற்று.

புதிதாக இத்துறையில் நுழைய விரும்பும் அன்பர்களும், தம் மக்களை இதில் ஈடுபடுத்த விரும்பும் பெற்றோரும், எந்த மென்பொருளையும் ஏற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். முதலாவது: இது அலையில் அனுப்பும் முறையின் இலக்கணம் எல்லோரும் அறியப் பிரசுரிக்கப்பட்டுள்ளதா? இல்லையெனில், வேறொன்றைத் தேடுக. இரண்டாவது: நாம் ஆண்டுக்கணக்கில் சேர்க்கும் பதிவேட்டை வேறொரு மென்பொருளுக்கு எடுத்துச் செல்ல முடியுமா? ‘அடிஃப்’ என்னும் பொது வடிவம் ஒன்று ஹாம்களிடையே வழங்குகின்றது. சாதாரண எழுத்தாகவே படிக்கத்தக்க அவ்வடிவத்தில் பதிவேட்டை எடுத்துத் தரும் மென்பொருள், மூடியதாயினும் ஏற்கத்தக்கதே. மூன்றாவது: இதன் ஆசிரியர் நாளை விலகிவிட்டாலும், இணையம் நின்றுவிட்டாலும், நம் மேசையில் இது இயங்குமா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை கிடைத்தால், விலை கொடுத்து வாங்குவதில் வெட்கப்பட வேண்டியதில்லை. பேரிடருக்கென ஏற்பாடு செய்யும் சங்கங்கள், வேகமான மூடிய நிரலோடு மெதுவான திறந்த நிரல் ஒன்றையும் பயின்று வைத்திருத்தல் அறிவுடைமை. கார் வாங்கியவரும் சைக்கிள் ஓட்ட மறக்கலாகாது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். டெய்லர் குழுவினரின் மென்பொருள், ஆங்கிலமேயன்றி ஸ்பானியம், ஜப்பானியம், இத்தாலியம் முதலிய மொழிகளிலும் தன் சாளரங்களைக் காட்டுகின்றது. அம்மொழி அறிந்த ஹாம்கள் தாமே முன்வந்து மொழிபெயர்த்தனர். தமிழன்பர் ஒருவர் விரும்பினால், எவரிடமும் விண்ணப்பம் போடாமலே அப்பணியைத் தமிழில் செய்யலாம். மூடிய மென்பொருளில் தமிழ் வேண்டும் என்றால், எத்தனை பேர் வாங்குவர் என்று நிறுவனத்தார் கணக்குப் பார்ப்பர். அக்கணக்கில் நாம் தோற்றுவிடுவது வழக்கம். திறந்த நிரலில் அக்கணக்குக்கு இடமில்லை. உழைக்க ஒருவர் இருந்தால் போதும். வேற்று மாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள், தமிழை வீட்டில் பேசும் மொழியாக மட்டுமே அறிந்திருக்கின்றனர். விஞ்ஞானக் கருவி ஒன்றின் முகத்தில் தமிழ் எழுத்தைக் காணும் வாய்ப்பை அவர்களுக்கு அளிப்பது நம் கையில் இருக்கின்றது.

அமெச்சூர் ரேடியோ தோன்றிய நாள் முதல், அறிந்ததை அடுத்தவர்க்குச் சொல்லிக் கொடுப்பதே அதன் வழக்கமாக இருந்து வந்துள்ளது. மூத்த ஹாம் ஒருவர் வரைபடத்தைத் தாளில் எழுதி இளையவர் கையில் கொடுப்பார். இளையவர் அதைத் திருத்தி அடுத்தவரிடம் சேர்ப்பார். இன்று வரைபடத்தின் இடத்தை நிரல் பெற்றிருக்கின்றது. கருவியை விலைக்கு வாங்குவதும் விற்பதும் என்றும் இருக்கும். கற்றுக்கொள்ளும் வழி அடைபடாமல் இருந்தால், போர்ட் பிளேரில் நிகழ்ந்தது போன்ற ஒரு நாள் மறுபடி வரும்போது, கருவியின் முன் அமர்ந்திருப்பவர் அதை இயக்குவதோடு நில்லாமல், பழுதுற்றால் சரி செய்யவும் வல்லவராக இருப்பார்.